அந்த அஞ்சு மாசம் அவர் எங்க இருந்தார்

இமிகிரேஷன் சுராட், அதான் சர்க்கார் கடுதாசி, வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அப்ப மேல்காட்டுல தேயிலைக் கொழுந்து வெட்டிக்கிட்டு இருந்தேன். எங்க எஸ்டேட்டுல இப்ப கையால கிள்றதெல்லாம் கிடையாது. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் பிடிச்சு செடி மேல இழுத்துக்கிட்டுப் போற மெசின்தான். அதுல ஒரு பக்கம் நான். கீழ ரோட்டுல மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு கிராணி மூச்சு வாங்க ஏறி வந்தார். ஆபீஸ்ல உக்காந்து கணக்கும் கடுதாசியும் பாக்குற மனுசன், வருசத்துக்கு ஒரு தடவைகூட மலை ஏறமாட்டார். அவர் ஏறி வர்றார்னா நல்ல சேதி இல்லன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு, மெசினோட அந்தப் பக்கம் இருந்தவளுக்கும் தெரிஞ்சு போச்சு.

"ஒம் புருசன் இங்க தங்கக் கேட்ட பாஸைத் தள்ளிட்டாங்கம்மா"ன்னார். "பதினாலு நாள்ல நாட்டை விட்டுக் கிளம்பணும்னு போட்டிருக்கு."

கடுதாசியைப் பிடுங்கி நானே படிச்சேன். அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சவ நான். மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா அன்னிக்கு அந்த ரெண்டு வரியை நாலு தடவை படிச்சும் மண்டையில ஏறல. ஏன் தள்ளுனாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. "காரணம் போடலியே, காரணம் போடலியே"ன்னு கிராணிகிட்ட கத்துனேன். அவர் பாவம், என்னா பண்ணுவார். "எங்கிட்ட கத்தி என்னா லா பிரயோசனம்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார்.

ஆனா காரணம் எனக்குத் தெரியும். கடுதாசியைப் பார்த்த நிமிசமே தெரியும். அதை நான் யார்கிட்டயும் சொல்லல, என் புருசன்கிட்டகூட.

எங்க வீட்டுக்காரர் புதுக்கோட்டைப் பக்கம். செத்துப்போன எங்க அப்பா வழியில தூரத்துச் சொந்தம். ரெண்டு வருசம் போன்லயே பேசிப் பேசி, சண்டை போட்டு, பிடிச்சுப்போய், சுத்திப் பாக்குற விசாவுல கிளம்பி வந்தார். கல்யாணத்தைப் பதியறதுக்கு வேண்டிய பேப்பரெல்லாம் கைக்கு வந்தப்ப ஆடி மாசம். விசாவுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? ரெஜிஸ்டரை ஆடியிலயே முடிச்சோம். தாலிக்கு தை மாசம் நாள் குறிச்சாங்க. அதுக்கு முந்தி எனக்கு நேரம் சரியில்லைன்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னாங்க.

இங்க நம்ம சனங்களுக்கு அது ஒண்ணும் அதிசயம் இல்ல. ரெஜிஸ்டர் ஒரு நாள், தாலி இன்னொரு நாள். கையெழுத்துப் போட்டு, போட்டோ பிடிச்சு, கடையில ஒரு பிரியாணி சாப்பிட்டுட்டு, அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு பொண்ணு வீட்ல, மாப்ள மாப்ள வீட்ல. சொன்னா சிரிப்பீங்க, ரெஜிஸ்டர் ஆன மறுநாள் என்னைப் பாத்து "எப்பம்மா கல்யாணம்?"னுதான் லயத்துல, எங்க வரிசை வீடுகள்ல, எல்லாரும் கேட்டாங்க. ஆனா எங்க மாப்ளைக்கு இந்த நாட்டுல வீடு ஏது? கோலா தெர்லாவுல எங்க அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் சலாட் கீரையும் முட்டைக்கோசும் பயிர் போடுறார். அவர் தோட்டத்துக் கொங்சியில, பலகையும் தகரமும் அடிச்ச கொட்டகை, அதுல ஒரு மூலையில அஞ்சு மாசம் இருந்தார். ஞாயித்துக்கிழமை ஆனா எங்க லயத்துக்கு வருவார். வாசப்படியோட சரி. அம்மா உள்ள விடமாட்டாங்க. தை மாசம் கோயில்ல தாலி கட்டுன அப்புறம்தான் படி ஏறுனார். அப்பவும் அந்தப் பழக்கம் போகல. வேலிப்பக்கம் போயிட்டு வந்தாக்கூட படியில நின்னு, அம்மா "வாங்க மாப்ள"ன்னு சொன்னாத்தான் காலை உள்ள வைப்பார்.

கடுதாசி வந்த அன்னிக்கும் அப்படித்தான் நின்னார். நான் கடுதாசியை நீட்டினேன். அவருக்கு மலாய் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுட்டு கடுதாசியில இருந்த சாப்பை, அந்த முத்திரையை, விரலால தடவிப் பாத்தார்.

"பதினாலு நாள் இருக்குல்ல?"ன்னார். "அதுக்குள்ள அந்தக் கூரைத் தகரத்துல ஒழுகுற இடத்தை அடைச்சுடுறேன். மழை வேற பிடிச்சுக்கிச்சு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நாட்டை விட்டுத் துரத்துறாங்க, இந்த மனுசன் தகரத்தை அடைக்கிறேங்கிறார்! "போங்க, போய் அடைங்க. அடைச்சுட்டு அப்படியே ஏரோப்பிளேன் ஏறிப் போங்க"ன்னு வாயில வந்ததைக் கத்துனேன். அவர் ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டார். மேல சுத்தியல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தாங்க.

மறுநாள் லயமே வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிச்சு. தலைவரைப் பாரு, கோயில்ல நேந்துக்க, ரிங்லெட்ல ஒரு ஏஜென்ட் இருக்கார், அவர்கிட்ட குடுத்தா காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக் குடுப்பார். நான் ரிங்லெட்டுக்கு ஓடுனேன். இவரையும் இழுத்துக்கிட்டுத்தான். கோப்பிக்கடையில உக்காந்து அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினான். "பாஸ்போர்ட்டைக் குடும்மா. ரெண்டு நாள்ல சாப்போட வரும். எந்த ஆபீஸ், யாருன்னு கேக்கக்கூடாது, அம்புட்டுதான் லா."

சத்தியமா சொல்றேன், நான் குடுக்கத்தான் போனேன். பாஸ்போர்ட் அந்த ஆளு விரல்ல பட்டுடுச்சு. இவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சார். அதுக்கு முந்தி ஒரு தடவைகூட என்னை அவ்வளவு அழுத்திப் பிடிச்சதில்ல.

"என் பேருக்கு மேல கள்ளச் சாப் வேணாம்"னார். "நான் ஒரு பொய்யும் சொல்லல. இன்டர்வியூல அவங்க கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். அப்புறம் எதுக்கு நான் திருட்டுத்தனமா இருக்கணும்?"

அந்த வார்த்தை என்னைக் குத்திச்சு. பஸ்ல திரும்பி வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பாக்கத் தைரியம் இல்ல.

தானா ராத்தாவுல கடிகாரக் கடைக்கு மேல் மாடியில சனிக்கிழமை மட்டும் ஒரு லோயர் அம்மா வருவாங்க, ஈப்போவுல இருந்து. எங்க ஆளுங்க நிலத்துச் சண்டைக்கும் விவாகரத்துக்கும்தான் அங்க போவாங்க. லோயர்கிட்ட போனாலே தப்பு பண்ணிட்டோம்னு ஆயிடும்னு ஒரு பயம். அஞ்சு நாள் கெடுவுல போயிருச்சு, வேற வழியில்லாம போனோம். என்னை விட அஞ்சாறு வயசு மூத்தவங்களா இருப்பாங்க. சிரிக்கவே இல்ல. கடுதாசியைப் படிச்சுட்டு நேரா இவரைக் கேட்டாங்க.

"இன்டர்வியூல ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டாங்களா?"

"ஆமாங்க."

"ரெஜிஸ்டர் ஆனதுல இருந்து தாலி கட்டுற வரைக்கும் எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கோலா தெர்லா தோட்டத்துலன்னு சொன்னேன்."

லோயர் அம்மா பேனாவை என் பக்கம் திருப்புனாங்க. "நீங்க என்னாம்மா சொன்னீங்க?"

நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன். பொய் சொல்லலாம்னு இன்னொரு தடவை தோணிச்சு, அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

"எங்க வீட்லதான் இருந்தார்னு சொன்னேன்."

இவர் திரும்பி என்னைப் பாத்தார். அந்தப் பார்வை இருக்கே, திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

"ஏம்மா?"

"இன்டர்வியூ எடுத்த அந்தப் பொம்பள என்னைப் பாத்து, கல்யாணம் ஆகி அஞ்சு மாசம் புருசன் ஏன் உன்கூட இல்லன்னு கேட்டுருவாளோன்னு பயம். கட்டுன புருசனை வாசல்ல நிக்க வச்சோம்னு எப்படிங்க சொல்றது? வெக்கமா இருந்துச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல, நானாத்தான் சொன்னேன்."

லோயர் அம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "இப்ப அவங்க கண்ணுல எப்படித் தெரியும்னு பாருங்க. பேப்பர்ல கல்யாணம். பொண்டாட்டி ஒண்ணு சொல்றா, புருசன் ஒண்ணு சொல்றார். ஆளு காய்கறித் தோட்டத்துல இருந்திருக்கார். அப்ப பாஸுக்காகக் கட்டிக்கிட்டு, கள்ளத்தனமா தோட்டத்துல வேலை பாத்திருக்கார்னுதானே தோணும்? தப்பு அவங்க மேல இல்ல. இந்தப் பேரோட இவர் வெளிய போனார்னா, திரும்பி உள்ள வர்றது குதிரைக்கொம்பு."

இவர் தோட்டத்துல கூலி வாங்கினாரான்னு கேட்டாங்க. இல்ல, தனக்கு மட்டும் சமைச்சுக்கிட்டு சும்மாத்தான் இருந்தார். சும்மா இருக்க முடியாம ஊருக்கே திரும்பிப் போயிடலாமான்னு போன்ல அழுதது எனக்குத்தான் தெரியும். தோட்டக்காரர்கிட்ட ஒரு கடுதாசி, கோயில்ல தாலிக்கு நாள் பதிஞ்ச சீட்டு, பத்திரிகை, எல்லாத்தையும் கேட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, பொய் சொன்னது நான்தான், யாரும் சொல்லித் தரலன்னு நான் சத்தியக் கடுதாசி எழுதிக் குடுக்கணும்.

"எங்க வழக்கம் இப்படின்னு நீங்க சொன்னா பத்தாதும்மா. உள்ள விடாதவங்க வந்து சொல்லணும். உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

அதுதான் எனக்குப் பெரிய மலையா நின்னுச்சு. எங்க அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க. துரை முன்னால நிமிந்து பேசுவாங்க, ஆபீஸ் படி மட்டும் ஏறமாட்டாங்க. வீட்டுக்கு வந்து சொன்னதும், "நான் வரமாட்டேன்"னாங்க. "மாப்ளைய வெளிய வச்சேன்னு நான் அந்நியர் முன்னால போய்ச் சொல்லணுமா? நாளைக்கு ஊரு என்னா பேசும்?"

"ஊரு பேசும், ஊரு பேசும்! அவரை ஏத்தி அனுப்புனப்புறம் ஊரு வந்து என்கூட குடும்பம் நடத்துமா?"ன்னு கத்துனேன். "உன்னாலதான் எல்லாம். நீ அன்னிக்கு ஒரு மூலையில பாயைப் போட்டுக் குடுத்திருந்தா இன்னிக்கு இந்தக் கதி வருமா?"

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. பொய் சொன்னவ நான், பழியைத் தூக்கி அம்மா தலையில போட்டேன். அம்மா எழுந்து வாளியை எடுத்துக்கிட்டு குழாயடிக்குப் போயிட்டாங்க. மூணு நாள் என்கூட பேசல. இவரும் அதிகம் பேசல. கோபமான்னு கேட்டேன். "கோபம் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் உனக்கு வெக்கமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாம போச்சு"ன்னார்.

லோயர் அம்மா அப்பீல் போட்டு, கெடு முடியறதுக்கு முந்தின நாளே இமிகிரேஷன் ஆபீஸ்ல எங்களைக் கூப்பிட வச்சுட்டாங்க. அன்னிக்குக் காலையில நான் சேலை கட்டிட்டு வெளிய வந்தா, எனக்கு முந்தி அம்மா கிளம்பி வாடகைக் காருக்குள்ள உக்காந்திருந்தாங்க. தீபாவளிச் சேலை, கையில ஐசி, அடையாள அட்டை. மலை இறங்குற வளைவுல எல்லாம் வாந்தி வராம இருக்க எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டு வந்தாங்க. இவர் மடியில பை, பைக்குள்ள ரெண்டு சட்டை, பாஸ்போர்ட். தள்ளிட்டாங்கன்னா மறுநாளே போகணும்.

உள்ள மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா. எங்களை முதல்ல கேட்டவங்க இல்ல, வேற ஆளு. என் சத்தியக் கடுதாசியைப் படிச்சாங்க. பத்திரிகையைப் பாத்தாங்க. இவர்கிட்ட ரெண்டு கேள்வி, லோயர் அம்மா தமிழ்ல மாத்திச் சொன்னாங்க. அப்புறம் அந்தம்மா எங்க அம்மாவைப் பாத்தாங்க.

"இவர் உங்க வீட்ல தங்கினாரா?"

அம்மாவுக்குத் தெரிஞ்சது பாசார் மலாய்தான், சந்தையில பேசுற அரைகுறை மலாய். எனக்குக் கேக்கும்படியா தெளிவாச் சொன்னாங்க. "தாடா. சாயா தா காசி மாசோக்." இல்ல, நான் உள்ள விடல.

"ஏன்?"

"தாலி கட்டல."

"சர்ட்டிபிகேட்ல கல்யாணம் ஆயிடுச்சே?"

"கெர்தாஸ்ல, அதான் பேப்பர்ல, ஆச்சு. சாமி முன்னால ஆகல."

அந்தம்மா பேனாவைச் சுழட்டிக்கிட்டே யோசிச்சாங்க. "அப்ப எங்க சாப்பிட்டார்?"

"ஞாயித்துக்கிழமை வருவார். வெளிய ஸ்டூல் போட்டு சோறு போட்டேன். கோழி ஆக்கிப் போட்டேன்."

"கேமரன்ல மழை பெய்யுமே?"

"குடை குடுத்தேன்."

அந்தம்மா உதட்டை மடிச்சுக்கிட்டாங்க. சிரிப்பை அடக்குறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. இத்தனை நாள்ல முதல் தடவை எனக்கு மூச்சு ஒழுங்கா வந்துச்சு. அப்பதான் கடைசிக் கேள்வியைக் கேட்டாங்க.

"அப்ப உங்க மக ஏன் வீட்லதான் இருந்தார்னு சொன்னாங்க?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. மேசையையே பாத்துக்கிட்டு, "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். பிள்ளை மேல தப்பில்ல"ன்னாங்க.

பக்கத்துல லோயர் அம்மாவோட பேனா நின்னுருச்சு. யாரும் சொல்லித் தரலன்னு நான் சத்தியம் பண்ணுன கடுதாசி அந்தம்மா முன்னாலயே கிடக்கு. மறுபடி ரெண்டு பேச்சு. மறுபடி இந்த வீட்ல ஒருத்தி பொய் சொல்றா. நான் வாயை மூடிக்கிட்டா அம்மாவுக்கு மானம் மிஞ்சும், புருசன் போயிடுவார். திறந்தா, வாழ்நாள்ல முதல் தடவை ஆபீஸ் படி ஏறுன அம்மாவை அந்நியர் முன்னால பொய்க்காரி ஆக்கணும்.

"இல்ல புவான்"னேன். சத்தம் எனக்கே சரியா கேக்கல. "அம்மா சொல்றது பொய். என்னைக் காப்பாத்தச் சொல்றாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தப் பொய்யை நானாத்தான் சொன்னேன்."

அம்மா ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டாங்க. இவர் பேச்சுப் புரியாம எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தார். அந்தம்மா என்னையும் அம்மாவையும் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "வெளிய உக்காருங்க"ன்னாங்க.

ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தோம். அம்மா ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உக்காந்துக்கிட்டாங்க. "மன்னிச்சுக்கம்மா"ன்னு போனேன், சேலை முந்தானையை இழுத்து மூடிக்கிட்டாங்க. இவர்தான் எங்கேயோ போய் ஒரு பாக்கெட் தே ஓ, பால் போடாத தேத்தண்ணி, வாங்கிட்டு வந்து, அவங்க கையில குடுத்துட்டு, பக்கத்துல உக்காந்தார். அம்மா குடிச்சாங்க.

அப்புறம் நம்பரைக் கூப்பிட்டாங்க. ஒரு வருசத்துக்குப் பாஸ். லோயர் அம்மா பாஸ்போர்ட்டை விரிச்சுக் காட்டினப்ப எழுத்தெல்லாம் கலங்கித் தெரிஞ்சுச்சு. "அடுத்த வருசம் வர்றப்ப ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லுங்க"ன்னாங்க, அப்பதான் முதல் தடவை சிரிச்சாங்க.

மலை ஏறி லயத்துக்கு வந்து சேர்றப்ப பொழுது சாஞ்சு, தூறல் போட்டுச்சு. அம்மா முதல்ல இறங்கி, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டாங்க. நான் பின்னாலயே போனேன். திரும்பிப் பாத்தா இவர் படிக்குக் கீழ நிக்கிறார், பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, தலையில தூறல் விழ விழ. பழக்கம். அம்மா கூப்பிடுறதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறார்.

அம்மா அடுப்படிக்குப் போனவங்க திரும்பி வந்தாங்க. வாசல்ல நின்னு அவரை ஏற இறங்கப் பாத்தாங்க. கோபமா, அழுகையா, எனக்குப் பிரிச்சுத் தெரியல.

"என்னத்துக்கு இன்னும் நிக்கிறீங்க மாப்ள?"ன்னாங்க. "ஒங்க வீட்டுக்குள்ள வர ஒங்களை யாரு கூப்புடணும்?"

அவர் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனார். நான் வெளிய வந்து தூறல்ல நின்னு அழுது முடிச்சுட்டு, அப்புறமா போனேன்.